அட்டைப் பெரியவர்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் பூட்டுக்காரரின் கடை இருந்தது. ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் வெளியே நிற்கவேண்டிய அளவுக்கான கடை. நாற்பத்து நான்கு வருடங்களாக அந்த ஊரில் சாவி தொலைந்த வீடு, சாவியை உள்ளே வைத்துச் சாத்திய கார், எங்கே வைத்தேன் என்று சொல்லாமலே மாமனார் கண்ணை மூடிவிட்ட இரும்புப் பெட்டி, எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறை காவல் நிலையத்தாரே லாக்கப்பின் சாவியைத் தொலைத்துவிட்டு அவரை ஜீப்பில் அழைத்துப் போனார்கள். அவர் வேலை செய்துகொண்டிருந்தபோது உள்ளே இருந்த திருடர், "அண்ணே, கம்பியை இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று தொழில்முறை ஆலோசனை வழங்கினார்.

இப்படிப்பட்ட மனிதரால் தன் மனைவியின் மாத்திரை டப்பாவைத் திறக்க முடியவில்லை.

அது நெஞ்சுவலிக்கான மாத்திரை. வலி வந்தவுடன் நாக்குக்கு அடியில் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் திறந்துவிடக் கூடாது என்பதற்காக, மூடியை அழுத்திக்கொண்டே திருப்பும்படி செய்திருந்தார்கள். குழந்தைகள் யாரும் திறக்கவில்லைதான். மற்றவர்களும் திறக்கவில்லை. பூட்டுக்காரருக்கு வயது எழுபத்து மூன்று. விரல் முட்டிகள் கொட்டைப்பாக்கு மாதிரி வீங்கியிருந்தன. அவர் மனைவிக்கு எழுபது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் செக்கிங் பிரிவில் இருந்தவர். ஒரு நூல் பிசகினாலும் சட்டையைத் திருப்பி எறிந்த கை, இப்போது டம்ளரைப் பிடித்தாலே நடுங்கியது.

ஒரு மதியம் அவர் கடையில் இருந்தபோது, வீட்டில் அந்த அம்மாளுக்கு நெஞ்சைப் பிடித்தது. டப்பாவை அழுத்தினார், திருப்பினார், பல்லால் கடித்தார். அசையவில்லை. டப்பாவைத் தரையில் வைத்து, கணவரின் சுத்தியலை எடுத்து ஒரே போடாகப் போட்டார். சிதறிய மாத்திரைகளில் ஒன்றைப் பொறுக்கி நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். உயிர் தங்கியது. பூட்டுக்காரர் பதறி ஓடி வந்தபோது, "சுத்தியலை எடுத்த இடத்துலயே வெச்சுட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலையே பூட்டுக்காரர் உடைந்த டப்பாவோடு மருந்துக் கடையில் போய் நின்றார்.

"மூடியை நாங்க செய்யறதில்லைங்க" என்றார் கடைக்காரர். "மாத்திரையை வேற டப்பால கொட்டியும் வெச்சுடாதீங்க, காத்துப் பட்டா வீரியம் போயிடும். அதோ, அவங்களைப் போய்ப் பாருங்க."

சுவரில் ஒரு சுவரொட்டி இருந்தது. 'மூத்தோர் அன்றாடப் பொருள் வடிவமைப்பு மேம்பாட்டு நிறுவனம்' அழைத்தது: 'மூத்தோரே! இனி நீங்கள் வெறும் பயனாளர்கள் அல்லர். எங்கள் பங்காளிகள்! மாத்திரை மூடியை நாம் சேர்ந்தே வடிவமைப்போம், வாரீர்!'

வீட்டுக்கு வந்து சொன்னார். "பங்காளிங்கறானா? அப்ப சண்டை நிச்சயம்" என்றார் மனைவி. "போயிட்டு வாங்க."

நிறுவனம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருந்தது. பூட்டுக்காரரோடு சேர்த்துப் பன்னிரண்டு முதியவர்கள் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு தொப்பியும், பேனாவும், ஐம்பத்திரண்டு பக்க ஒப்பந்தமும் கொடுத்தார்கள். பதினொரு பேர் இரண்டு நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு பெண்மணி மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் புரூஃப் பார்த்தவர் என்பதால் அவரை எல்லோரும் புரூஃப் அக்கா என்றார்கள். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சுட்டுப் போடறேன்" என்று அதைப் பையில் வைத்துக்கொண்டார். நிறுவனத்தின் வரலாற்றில் அந்த ஒப்பந்தத்தை ஒருவர் படிப்பது அதுவே முதல் தடவை. எழுதியவர்களையும் சேர்த்துத்தான்.

இயக்குநர் வரவேற்றுப் பேசினார்.

"முதியவர்கள் நமது சொத்து. இந்த நிறுவனம் பதினொரு ஆண்டுகளாக முதியவர்களுக்காக இரவு பகல் பாராமல் உழைத்து வருகிறது. இந்தப் பதினொரு ஆண்டுகளில் ஒரு முதியவரைக்கூட நாங்கள் தொந்தரவு செய்ததில்லை. இன்றுதான் முதன்முறையாக உங்களைக் கூப்பிட்டிருக்கிறோம்."

ஊழியர்கள் கைதட்டினார்கள். பூட்டுக்காரர் எழுந்து, உடைந்த டப்பாவைக் காட்டி, "ஐயா, இந்த மூடி இருக்குல்ல..." என்று ஆரம்பித்தார்.

ஒருங்கிணைப்பாளர் என்று அட்டை மாட்டியிருந்த பெண் மேசை மேலிருந்த மணியைத் தட்டினார். "அப்பா, மூடி ஏழாவது வாரம். இன்னைக்கு நம்பிக்கை வளர்க்கிற நாள். அப்புறம், யார் பேசினாலும் ரெண்டு நிமிஷம்தான், தாண்டினா மணி அடிச்சுடுவேன்."

ஒரு கம்பளி நூல் உருண்டையை ஒருவர் மேல் ஒருவர் எறிந்து நம்பிக்கை வளர்த்தார்கள். அதை எடுக்கக் குனிந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அது 'ஆழ்ந்த பங்கேற்பு' என்று குறிக்கப்பட்டது.

இரண்டாவது வாரம், மூடியோடு உங்கள் உறவு என்ன நிறம் என்று கேட்டார்கள். டிரைவர் கறுப்பு என்றார். பட்டியலில் கறுப்பு இல்லாததால் அவரை இளஞ்சிவப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

மூன்றாவது வாரம், நிறுவனத்தின் அதிகாரிகள் 'முதுமை உடை' அணிந்தார்கள். கையிலும் காலிலும் மணல் மூட்டை, கண்ணுக்கு மங்கலான கண்ணாடி, விரலுக்குத் தடித்த உறை. அவர்கள் இருபது நிமிடம் முதியவர்களாக இருப்பதைப் பன்னிரண்டு முதியவர்களும் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். முப்பத்தைந்து வயது அதிகாரி ஒருவர் உடையைக் கழற்றிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். "வயசாறது இவ்வளவு கஷ்டம்னு இப்பத்தாங்க தெரியுது." முதியவர்கள் அவருக்குத் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிவிட்டார்கள்.

"எங்களைக் கேட்டிருந்தா உக்காந்த இடத்துலயே சொல்லியிருப்போமே தம்பி" என்றார் புரூஃப் அக்கா.

"நீங்க சொன்னா அது கருத்துங்கம்மா" என்றார் அவர் மூக்கை உறிஞ்சியபடி. "நாங்க அனுபவிச்சாத்தான் அது தரவு."

நான்காவது வாரம் அட்டைப் பெரியவர் வந்தார்.

ஆள் உயரத்துக்கு வெட்டிய அட்டை. வெள்ளை முடி, மஞ்சள் சட்டை, முப்பத்திரண்டு பல்லும் தெரியும் சிரிப்பு. நெஞ்சில் எழுதியிருந்தது: 'வயது 68. பேரப்பிள்ளைகளையும் பூச்செடிகளையும் நேசிப்பவர். கருவிகளைக் கண்டால் அஞ்சுபவர். சிறு உதவிக்கும் நன்றி சொல்பவர்.'

"பல்லாயிரம் முதியவர்களின் சராசரி இவர்" என்று இயக்குநர் தழுதழுத்த குரலில் அறிமுகம் செய்தார். "இவரைக் கேட்காமல் நாங்கள் எந்த முடிவும் எடுப்பதில்லை."

நாற்காலிகள் பன்னிரண்டுதான் இருந்தன. அட்டை மடங்கிவிடும் என்பதால் பூட்டுக்காரரை எழுப்பி ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். அன்றிலிருந்து அவர் எதைச் சொன்னாலும் ஒருங்கிணைப்பாளர் கனிவோடு பதில் சொன்னார்: "நல்ல கருத்துப்பா. ஆனா, இவர் அப்படி நினைக்க மாட்டார்."

"ஏம்மா, இவருக்கு மூட்டு வலி இருக்கா?"

அவர் ஒரு தாளைப் புரட்டினார். "இருக்குப்பா. லேசா. குளிர் காலத்துல."

"எனக்கு எல்லாக் காலத்துலயும் இருக்கே."

"அது உங்க தனிப்பட்ட அனுபவம்பா."

வீட்டில் அதைச் சொன்னபோது மனைவி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "அட்டைக்கு நாற்காலி, உங்களுக்கு ஸ்டூலா?"

"அது மடங்கிடுமாம்."

"நீங்க மடங்க மாட்டீங்களா?"

பூட்டுக்காரர் தட்டை மறுபடி மனைவியின் பக்கம் நகர்த்தினார். ஏழாவது வாரம் மூடி வந்துவிடும் என்ற ஒரே எண்ணத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் புது டப்பாவின் மூடியைத் தினமும் காலையில் குறடால் திறந்து, இறுக்காமல் சும்மா மேலே வைத்துவிட்டு வருவார். மனைவி நன்றாக இருக்கிறாரா என்று பக்கத்து வீட்டுக்கு மூன்று தடவை போன் செய்வார்.

ஏழாவது வாரம் மூடி வந்தது. பட்டுத் துணியை விலக்கி இயக்குநர் காட்டினார். அதே மூடி. ஊதா நிறத்தில் இருந்தது. மேலே ஒரு சிரித்த முகம். தவறாக அழுத்தினால் இனிய குரலில், 'மீண்டும் முயற்சி செய்யுங்கள்' என்று சொன்னது.

பன்னிரண்டு பேர் கையிலும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அறை முழுக்க 'மீண்டும் முயற்சி செய்யுங்கள்' என்ற இன்னிசை எழுந்தது. டிரைவரின் மூடி மட்டும் 'வாழ்த்துகள்!' என்றது. ஆனால் திறக்கவில்லை.

"மகிழ்ச்சியான செய்தி" என்றார் இயக்குநர். "தொண்ணூற்று நான்கு விழுக்காடு முதியவர்கள் இதை எளிதாகத் திறந்துவிட்டார்கள்."

"யாருங்க அவங்க?" என்றார் பூட்டுக்காரர்.

முதுமை உடை அணிந்த அதிகாரிகள்தான் அவர்கள். மீதி ஆறு விழுக்காடு, அழுதுகொண்டிருந்தவர்.

எல்லோர் முன்னாலும் ஒப்புதல் தாள் வைக்கப்பட்டது. பூட்டுக்காரர் பேனாவை மேசை மேல் வைத்தார். "திறக்காத மூடிக்கு நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது?"

இயக்குநர் பொறுமையாகச் சிரித்தார். "ஐயா, நீங்கள் மூடியைப் பார்க்கிறீர்கள். நாங்கள் செயல்முறையைப் பார்க்கிறோம். மூடி திறக்கலாம், திறக்காமலும் போகலாம். ஆனால் ஏழு வாரச் செயல்முறை முழுமையாக நிறைவேறியிருக்கிறது. அதுதான் உண்மையான மூடி."

"என் வீட்டம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தா, நாக்குக்கு அடியில செயல்முறையையா வெக்கிறது?"

யாரோ சிரித்தார்கள். ஒருங்கிணைப்பாளர் மணியைத் தட்டினார். அப்போது புரூஃப் அக்கா பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்தார். ஓரங்களில் முழுக்கச் சிவப்பு மையால் பிழை திருத்தியிருந்தார்.

"நாப்பத்தொண்ணாம் பக்கம். 'பங்காளிகள் அனைவரும் கையெழுத்திட்டாலன்றி எப்பொருளும் உற்பத்திக்குச் செல்லாது.' இதுல ரெண்டு எழுத்துப் பிழை இருந்துச்சு, திருத்திட்டேன். பொருள் மாறலை."

இயக்குநரின் முகம் மாறியது. "அது... அழகுக்காகப் போட்டதம்மா."

"அச்சுல வந்துட்டா அழகுக்குன்னு ஒண்ணும் கிடையாதுங்க."

டிரைவர் கோபமாக நாற்காலியைத் தள்ளினார். "வாங்கப்பா, எழுந்து போவோம். இவனுங்களோட என்ன பேச்சு?"

"உக்காருங்க!" என்று அக்கா அதட்டினார். "நாப்பத்து மூணாம் பக்கம். 'எழுந்து செல்லும் பங்காளியும், கூட்டத்துக்கு வராத பங்காளியும் ஒப்புதல் அளித்தவராகக் கருதப்படுவர்.' நாப்பத்து நாலு, 'கூட்ட நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை.' அதுவரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது."

டிரைவர் பொத்தென்று உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்து, கழிவறைக்குப் போவது எழுந்து செல்வதில் சேருமா என்று சங்கடத்தோடு கேட்டார். இயக்குநர் அதை ஆராய மூவர் குழு அமைத்தார். குழு ஒன்றரை மணி நேரம் விவாதித்து, 'திரும்பி வரும் எண்ணத்தோடு செல்வது செல்வதாகாது' என்று தீர்ப்பளித்தது. அதற்குள் டிரைவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அன்று ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய், மறுநாள் காலை பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தார்கள். அதற்கு அடுத்த நாளும் வந்தார்கள். பூட்டுக்காரர் வாழ்க்கையில் எந்தப் போராட்டத்துக்கும் போனதில்லை. ஊர்வலம் வந்தால் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வேலையைப் பார்ப்பவர். இப்போது ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இடுப்பு வலிக்கத்தான் செய்தது.

நிறுவனம் ஏசியை நிறுத்திப் பார்த்தது. "அப்பாடா, குளிர் விட்டுது" என்று எல்லோரும் காலை நீட்டிக்கொண்டார்கள். மனநல ஆலோசகர் ஒருவரை அனுப்பியது. டிரைவர் அவருடைய குடும்பப் பிரச்சினையைக் கேட்டு அறிவுரை சொல்லி அனுப்பினார். ஆண்டறிக்கையில், 'பங்காளிகளின் ஈடுபாடு உச்சத்தைத் தொட்டுள்ளது; அவர்கள் நாற்காலியை விட்டு எழவே மறுக்கிறார்கள்' என்று எழுதிக்கொண்டது.

ஐந்தாம் நாள் இயக்குநர் ஒரு வழி கண்டுபிடித்தார். பல்லாயிரம் பேரின் சராசரியான அட்டைப் பெரியவரே எல்லோருக்காகவும் கையெழுத்திடுவார். அட்டைக் கையில் பேனாவை டேப் போட்டு ஒட்டினார்கள்.

பூட்டுக்காரர் ஸ்டூலிலிருந்து எட்டி, ஊதா மூடி போட்ட ஒரு டப்பாவை அட்டையின் முன்னால் வைத்தார். "முதல்ல இவர் திறக்கட்டுங்க. திறந்துட்டா நாங்க பன்னெண்டு பேரும் இப்பவே போடறோம்."

எல்லோரும் காத்திருந்தார்கள். கால் மணி நேரம் ஆனது. கூட்டக் குறிப்பில் ஒருங்கிணைப்பாளர், 'அவர் யோசிக்கிறார்' என்று எழுதினார்.

ஆறாம் நாள் காலை பதினொரு மணிக்குப் பூட்டுக்காரரின் மனைவி வந்தார். இரண்டு பஸ் மாறி, கையில் பையோடு வந்திருந்தார். வாசலில் அடையாள அட்டை கேட்ட காவலாளியிடம், "நான் பங்காளி இல்லப்பா, பங்காளியோட பொண்டாட்டி" என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தார். ஸ்டூலில் இருந்த கணவரைப் பார்த்தார். நாற்காலியில் இருந்த அட்டையைப் பார்த்தார். அட்டையை அலாக்காகத் தூக்கிச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாத்தினார். கணவரைக் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, ஸ்டூலில் தான் உட்கார்ந்தார்.

இயக்குநர் பதறி வந்தார். "அம்மா, அது முதியவருக்கான நாற்காலி!"

"அவருக்கு எழுபத்து மூணு."

"அப்படியில்லை அம்மா, அது முதியவர்களின் பிரதிநிதிக்கு..."

"தம்பி, நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க." குரலை உயர்த்தாமல் பேசினார். "அன்னிக்கு மத்தியானம் எனக்கு நெஞ்சைப் பிடிச்சுது. மாத்திரை கையில இருக்கு. உள்ள இருக்கறது கண்ணுக்குத் தெரியுது. மூடி திறக்கலை. சாகறதுக்குக்கூட நான் பயப்படலை தம்பி. ஆனா ஒரு மூடியைத் திறக்க முடியாமயா சாகப்போறோம்னு ஒரு அசிங்கமா இருந்துச்சு பாருங்க. அதைத்தான் என்னால மறக்க முடியலை. உங்க புது மூடி அன்னிக்கு என் கையில இருந்திருந்தா, நான் மூச்சுக்குத் தவிக்கறப்ப அது மறுபடி முயற்சி செய்யுங்கன்னு பாடிக்கிட்டிருக்கும்."

பூட்டுக்காரர் தலை குனிந்துகொண்டார். அவரிடம்கூட அந்த அம்மாள் இதைச் சொன்னதில்லை. அந்தப் பேச்சு இரண்டு நிமிடத்தைத் தாண்டியிருந்தது. ஒருங்கிணைப்பாளர் மணியின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டிருந்தார்.

ஏழாம் நாள், டப்பா செய்யும் தொழிற்சாலையிலிருந்து அச்சுக்காரர் வந்தார். மூடி வார்க்கும் இரும்பு அச்சுகளைச் செய்பவர். கையெழுத்து வராமல் இயந்திரம் சும்மா நிற்கிறது என்று சத்தம் போடத்தான் வந்தார். பூட்டுக்காரரின் மனைவி ஒன்றும் பேசாமல் அவர் எதிரிலேயே மூடியைத் திறக்க முயன்றார். அச்சுக்காரர் அந்தக் கையையே பார்த்தார்.

"இதை என்கிட்ட யாருமே சொல்லலியே!" என்றார். "சரி, எப்படி இருந்தா உங்களுக்குத் திறக்கும்?"

ஏழு வாரத்தில் அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. பூட்டுக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பலத்தால பூட்டாதீங்க. நல்ல பூட்டு எதுவும் பலத்தால பூட்டறதில்ல, வரிசையால பூட்டும். முதல்ல ஒரு பக்கமாத் தள்ளணும், அப்புறம் தூக்கணும். குழந்தைக்கு வரிசை தெரியாது. எங்களுக்குத் தெரியும். ரெண்டுக்கும் விரல் வேண்டாம், உள்ளங்கையே போதும்."

அன்று ஐந்து மணிக்குப் பிறகு அவர் கடையில் விளக்கு எரிந்தது. பிளாஸ்டிக் குழாயை அறுத்து, அரத்தால் ராவி மாதிரி மூடிகள் செய்தார். மறுநாள் காலை கூட்டத்தில் மனைவி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். செக்கிங் பிரிவின் முப்பது வருடமும் திரும்பி வந்தது.

"கை ஈரமா இருந்தா வழுக்குது. தள்ளுபடி."

"இடது கைக்கு இது ஆகாது. தள்ளுபடி."

"கொஞ்சம் பொறுமையாப் பாரேன்" என்றார் பூட்டுக்காரர்.

"நெஞ்சு வலி பொறுமையா வருமா? தள்ளுபடி."

இரண்டு நாட்களில் பதினெட்டு தள்ளுபடி ஆயின. பத்தொன்பதாவதை மனைவி கண்ணை மூடிக்கொண்டு, நடுங்கும் இடது கையால் தள்ளித் தூக்கினார். திறந்தது. புரூஃப் அக்கா திறந்தார். டிரைவர் நான்கு தடவை திறந்து மூடிவிட்டு, அதைக் கொடுக்க மனமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். அச்சுக்காரர் தன் தெருவிலிருந்த சின்னப் பிள்ளைகள் பத்துப் பேரிடம் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் அதை உருட்டினார்கள், கடித்தார்கள், பந்தாக எறிந்தார்கள், திறக்கவில்லை.

பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பதின்மூன்றாவதாக ஒரு கோடு பேனாவால் போட்டு, அதில் பூட்டுக்காரரின் மனைவியையும் கையெழுத்துப் போடவைத்தார் புரூஃப் அக்கா.

மூடி கடைக்கு வந்த மாதத்தில் நிறுவனம் பாராட்டு விழா எடுத்தது. மேடைப் படி உயரம், முதியவர்கள் ஏறுவது ஆபத்து என்று அவர்களை ஆறாவது வரிசையில் உட்காரவைத்தார்கள். சிறந்த பங்காளிக்கான கேடயம், எல்லோருடைய சராசரி என்ற முறையில், அட்டைப் பெரியவருக்கு வழங்கப்பட்டது. அவர் சிரித்துக்கொண்டே பெற்றுக்கொண்டார்.

"குரலற்ற முதியவர்களுக்கு நாங்கள் குரல் கொடுத்தோம்" என்றார் இயக்குநர்.

ஆறாவது வரிசையிலிருந்து பூட்டுக்காரரின் மனைவி எழுந்தார். "குரல் எங்ககிட்டயே இருந்துச்சுங்க. நாங்க கேட்டது உங்க காதை."

"ஆகா, அருமை!" என்று இயக்குநர் கைதட்டினார். திங்கட்கிழமைக்குள் அந்த வரி நிறுவனத்தின் வரவேற்பறைச் சுவரில் ஊதா எழுத்தில், அடியில் இயக்குநரின் பெயரோடு, எழுதப்பட்டிருந்தது.

அதே திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பதின்மூன்று பேரும் அந்தச் சுவரைக் கடந்து ஐந்தாவது மாடிக்கு வந்தார்கள்.

ஒருங்கிணைப்பாளர் ஓடி வந்தார். "அம்மா, திட்டம்தான் முடிஞ்சுடுச்சே!"

"மூடிதான் முடிஞ்சுது" என்றார் பூட்டுக்காரரின் மனைவி. பையைக் கவிழ்த்தார். தெருவில் இருந்த வயதானவர்கள் வீடு வீடாகக் கொடுத்தனுப்பியவை மேசையில் கொட்டின. பேட்டரி மூடி நகராத ரிமோட், முனையே தெரியாத டேப் சுருள், எறும்பாலும் படிக்க முடியாத பொடி எழுத்தில் அச்சடித்த கண் மருந்துச் சீட்டு, பிஸ்கட் பொட்டலங்கள்.

சத்தம் கேட்டு இயக்குநர் வந்தார். "இதற்கெல்லாம் முதலில் ஒரு குழு அமைத்து..."

பூட்டுக்காரர் ஒரு நாற்காலியை இழுத்து அறையின் நடுவில் போட்டார். "இப்படி வந்து உக்காருங்க சார்." இயக்குநர் என்னவென்று புரியாமலே உட்கார்ந்தார். பூட்டுக்காரர் ஒரு பிஸ்கட் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தார். 'இங்கே கிழிக்கவும்' என்று அதில் அம்புக்குறி போட்டிருந்தது. இயக்குநர் உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லைங்க, நீங்கதான்" என்றார் பூட்டுக்காரர்.

இயக்குநர் அம்புக்குறி காட்டிய இடத்தில் கிழித்தார். கிழியவில்லை. மறுமுனையில் பிடித்து இழுத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கடைசியில் பொட்டலத்தைப் பல்லுக்குக் கொண்டுபோனார். அவரைச் சுற்றிப் பதின்மூன்று பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, குறிப்பெடுக்கத் தொடங்கினார்கள்.